முப்பது மார்க் சம்பளம்

ஹம்பர்க் விமான நிலையத்தில் எஸ்-1 ரயிலைப் பிடித்தால் போதும், இடையில் எங்கும் மாறாமல் ரீப்பர்பான் நிலையத்திலேயே இறங்கிவிடலாம். கோலாலம்பூரிலிருந்து அந்த ஊருக்கு நேரடி விமானம் கிடையாது. துபாயில் நாலு மணி நேரம் காத்துக் கிடந்து, அடுத்த விமானத்தில் கால் மரத்துப்போய் வந்து இறங்கியவளுக்கு அந்த ரயில் பெரிய ஆறுதல்.

ரீப்பர்பான் என்றால் கயிறு திரிக்கும் பாதை என்று பொருள். எல்பே ஆற்றுத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கு ஒரு காலத்தில் இங்கேதான் நீள நீளமாகக் கயிறு திரித்தார்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான சாலை. கயிற்றுத் தொழில் போய், கப்பலில் வந்தவர்களுக்கான மதுக்கடைகளும் கேளிக்கை விடுதிகளும் வந்தன. இன்றும் அது சிவப்பு விளக்குப் பகுதிதான். குடும்பத்தோடு போகிறவர்கள் பகலில் போங்கள். நான் காலை பத்து மணிக்குப் போனபோது நகராட்சி வண்டி தண்ணீர் அடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தது. நியான் விளக்குகள் அணைந்த அந்தத் தெரு, ஒப்பனை கலைத்துவிட்டுக் கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கும் நாடக நடிகை மாதிரி இருந்தது.

தெருவின் நடுவே ஒரு முனையில் பீட்டில்ஸ் சதுக்கம். 2008-இல் திறந்தார்கள். சதுக்கம் என்று பெயர், ஆனால் வட்டம்: 29 மீட்டர் விட்டத்தில், தரையில் கிடத்திய ஒரு கறுப்பு இசைத்தட்டு. அதன் ஓரத்தில் உருக்குக் கம்பியால் வளைத்த ஐந்து உருவங்கள். ஆம், ஐந்து. இங்கே வந்து சேர்ந்தபோது அவர்கள் ஐந்து பேர். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் ஆகியோரோடு, பாஸ் கிட்டார் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப், டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட். ரிங்கோ ஸ்டார் பிறகுதான் சேர்ந்தார். அதனால் டிரம்ஸ் உருவத்தை மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவாக வைத்துவிட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் அந்தக் கம்பி உருவங்களுக்குள் நுழைந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் அந்தச் சதுக்கத்தில் ஒன்றும் இல்லை.

நான் பீட்டில்ஸ் பித்து பிடித்தவள் இல்லை. வானொலியில் பத்து ஆண்டுக்கும் மேலாக இளையராஜாவையும் ரஹ்மானையும் உள்ளூர்க் கலைஞர்களையும் ஒலியேற்றிப் பழகியவள். ஐரோப்பாவில் ஒரு வாரம் விடுமுறை கிடைத்ததும் பாரிஸ், ரோம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹம்பர்க்குக்கு வந்ததற்கு, கிள்ளானில் இருக்கும் ஒரு தம்பி காரணம்.

வயது 23. எங்கள் குடும்ப நண்பரின் மகன். போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை, மாலையில் கீபோர்ட். ஐந்து பேர் கொண்ட குழு. திருமணம், பிறந்தநாள், கோயில் திருவிழா என்று வாசிக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இசைக்கே போய்விடலாமா என்று யோசனை. அவன் அம்மா எனக்குப் போன் போட்டு, “நீ ரேடியோவுல இருக்கம்மா, நீ சொன்னா கேப்பான்” என்றார். அவனோ, “அக்கா, பேண்டுல வாசிச்சே வயித்தக் கழுவினவங்க இருக்காங்களா? ஃபேமஸ் ஆனதுக்கு அப்புறம் இல்ல. ஆகுறதுக்கு முன்னால” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. வானொலி நேர்காணல்களில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வியும்கூட. “உங்கள் இசைப் பயணம் எப்படித் தொடங்கியது?” என்போம். “முதல் வருடம் வாடகையை யார் கட்டினார்கள்?” என்று கேட்பதில்லை.

கேட்டதோடு விடாமல் ஒரு திருமணக் கணக்கையும் கைப்பேசியில் அனுப்பியிருந்தான். கிள்ளானில் ஒரு மண்டபம். பேசிய தொகை 2,500 ரிங்கிட். அதில் ஒலியமைப்பு வாடகை 900, வேன் 200, வெளியிலிருந்து அழைத்த பாடகிக்கு 300, ஒத்திகை அறைக்கு 160. மிச்சம் 940. ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு 188 ரிங்கிட். அதற்காக இரண்டு நாள் ஒத்திகை, மதியம் மூன்று மணிக்கே போய்க் கம்பி இழுத்து, இரவு பன்னிரண்டுக்குப் பெட்டி கட்டி... அந்த மாதம் அவர்களுக்கு இருந்த நிகழ்ச்சி இரண்டே இரண்டு.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிரோஸ ஃப்ரைஹைட் தெருவுக்குள் நுழைந்தேன். பீட்டில்ஸ் சதுக்கத்திலிருந்து பிரியும் சின்னத் தெரு அது. பெயரின் பொருள் ‘பெரும் சுதந்திரம்’. கேளிக்கை விடுதிகளைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்தேன், இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி ஹம்பர்க்கோடு சேராத ஆல்டோனாவில் இருந்தது. மற்ற இடங்களில் வழிபட முடியாத கத்தோலிக்கர், மென்னோனைட் போன்றவர்களுக்கு இங்கே வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்தார்கள். அந்தப் பெயர்தான் இது. இரண்டு பக்கமும் விடுதிகள் இருக்க, நடுவே புனித யோசேப்பு தேவாலயம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. நம்மூரில் மதுக்கடைக்கும் கோயிலுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று சண்டை நடக்கும். இங்கே சுவரோடு சுவர்.

அந்தத் தெருவின் கடைசிப் பக்கம், 64-ஆம் எண், இந்திரா கிளப். பெயரைப் பார்த்ததும் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். சின்னமும் யானைதான், ஐராவதம் மாதிரி. இன்றும் இங்கே இரவில் இசைக்குழுக்கள் வாசிக்கின்றன. 1960 ஆகஸ்ட் 17 அன்று அந்த ஐவரும் ஹம்பர்க்கில் முதன்முதலாக மேடையேறியது இங்கேதான். வெளியே சுவரில் அதைச் சொல்லும் பலகை இருக்கிறது. ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பது பலகையில் இல்லை. அதுதான் எனக்கு வேண்டியது.

ஆளுக்கு நாளொன்றுக்கு 30 மார்க். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய இரண்டரை பிரிட்டிஷ் பவுண்டு. அதற்கு வார நாட்களில் இரவுக்கு நாலரை மணி நேரமும், வார இறுதியில் ஆறு மணி நேரமும் மேடையில் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் வாசித்தால் அரை மணி நேரம் ஓய்வு என்ற கணக்கில், நள்ளிரவைத் தாண்டி ஓடும். உரிமையாளர் புரூனோ கோஷ்மிடர், பையன்கள் சும்மா நின்று வாசித்தால் “மாக் ஷோ!” என்று கத்துவாராம். ஆடு, குதி, கூட்டத்தை உட்காரவை. கூட்டம் உட்கார்ந்தால்தான் பீர் விற்கும். அவர் வாங்கியது பாட்டை அல்ல என்பதை அந்தப் பையன்களும் சீக்கிரமே புரிந்துகொண்டிருப்பார்கள். ஜார்ஜுக்கு அப்போது வயது 17.

தங்குமிடம் இலவசம். அதைப் பார்க்க ஐந்து நிமிடம் நடந்து பால்-ரூசன் தெருவுக்குப் போனேன். அங்கே அப்போது கோஷ்மிடருக்குச் சொந்தமான பாம்பி கினோ என்ற சின்னத் திரையரங்கு இருந்தது. திரைக்குப் பின்னால், கழிவறைக்கு அடுத்த சாமான் அறையில் ஐந்து பேரும் படுத்தார்கள். சன்னல் இல்லை, கணப்பு இல்லை. முகம் கழுவவும் சவரம் செய்யவும் கழிவறைத் தண்ணீர். திரையரங்கு போய்விட்டது, இப்போது சாதாரணக் கட்டடம், வாசலில் சைக்கிள்கள். செப்டம்பர் மாதமே எனக்குக் கை விறைத்தது. அவர்கள் நவம்பர் வரை அங்கே கிடந்தார்கள்.

இதுவரை படித்தவர்கள் ‘ஐயோ பாவம், வயிற்றுக்கும் இல்லாமல் வாசித்திருக்கிறார்கள்’ என்றுதான் நினைப்பீர்கள். தன்முனைப்புப் பேச்சாளர்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். மால்கம் கிளாட்வெல் 2008-இல் ‘பத்தாயிரம் மணி நேரம்’ என்று எழுதிய பிறகு, ஹம்பர்க் கதை இல்லாத பயிலரங்கமே இல்லை. கஷ்டப்பட்டார்கள், உழைத்தார்கள், உயர்ந்தார்கள். ஆனால் யாரும் அந்த 30 மார்க்கைக் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. அந்த ஆண்டு மேற்கு ஜெர்மனியில் காப்புறுதி பெற்ற ஒரு தொழிலாளியின் சராசரி ஆண்டு ஊதியம் 6,101 மார்க். மாதத்துக்கு ஐந்நூறு மார்க்கும் சில்லறையும். நாளுக்கு 30 மார்க் என்றால் மாதத்துக்கு 900. பள்ளியை முடித்தும் முடிக்காமலும் கப்பலேறி வந்த, ஊர் பேர் தெரியாத பையன்கள், நாட்டின் சராசரித் தொழிலாளியைவிடக் கிட்டத்தட்ட முக்கால் பங்கு அதிகமாகச் சம்பாதித்தார்கள்!

படுக்கை மோசம், உண்மை. கூலி மோசமில்லை. நான் கிள்ளான் தம்பிக்காகத் தேடி வந்த விஷயம் இதுதான். அவர்கள் பெரிய தொகைக்கு ஒருநாள் வாசிக்கவில்லை. சுமாரான தொகைக்குத் தினமும் வாசித்தார்கள். இந்திராவில் தொடர்ந்து 48 இரவுகள். மேல்மாடியில் இருந்தவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் செய்ததும், அக்டோபர் 4-ஆம் தேதி அதே தெருவில் 36-ஆம் எண்ணில் உள்ள காய்சர்கெல்லருக்கு மாற்றினார் கோஷ்மிடர். அங்கே ரோரி ஸ்டார்ம் அண்ட் தி ஹரிகேன்ஸ் என்ற இன்னொரு லிவர்பூல் குழுவோடு மாறி மாறி வாசித்தார்கள். அந்தக் குழுவின் டிரம்ஸ்காரர்தான் ரிங்கோ. அடுத்த ஆண்டு ரீப்பர்பானிலேயே இருந்த டாப் டென் கிளப்பில் ஏப்ரல் முதல் 92 இரவுகள். சம்பளம் 35 மார்க்காக உயர்ந்தது, மேடை நேரமும் ஏழெட்டு மணி நேரமாக நீண்டது.

ஒலியமைப்பு விடுதியுடையது. வேன் வாடகை இல்லை, ஏனென்றால் கருவிகள் மேடையிலேயே கிடக்கும். ஒத்திகை அறை வேண்டாம், மேடைதான் ஒத்திகை. தம்பியின் கணக்கில் 2,500-ஐ 940 ஆக்கிய ஒவ்வொரு செலவையும் ‘தினமும் அதே மேடை’ என்ற ஒன்று அடித்துவிடுகிறது. மேடையில் இத்தனை மணி நேரத்தை நிரப்பத் தெரிந்த பாட்டெல்லாம் போதாது. அதனால்தான் கண்டதையும் கற்றார்கள், ஒரே பாட்டைப் பத்து நிமிடம் இழுக்கவும் பழகினார்கள். திறமை வளர்ந்தது என்றால், நேரத்தை நிரப்ப வேண்டிய கட்டாயத்தில் வளர்ந்தது.

சம்பாத்தியம் எங்கே போனது என்பதும் இந்த ஊரிலேயே இருக்கிறது. ஹம்பர்க்கில் இருந்த ஸ்டைன்வே கடையில், 1961-இல், பால் மெக்கார்ட்னி ஏறக்குறைய 30 பவுண்டுக்கு ஒரு ஹாஃப்னர் பாஸ் கிட்டார் வாங்கினார், வயலின் வடிவத்தில். அமெரிக்க ஃபெண்டர் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பழைய சம்பளக் கணக்கில் பன்னிரண்டு இரவுக் கூலி. 1972-இல் இலண்டனில் திருடு போய், ஐம்பது ஆண்டுக்குப் பிறகு 2024 பிப்ரவரியில் ‘திரும்பக் கிடைத்துவிட்டது’ என்று செய்தி வந்ததே, அதே கிட்டார்தான்.

முதல் பயணம் நன்றாக முடியவில்லை. 18 வயதுக்குட்பட்டவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் விடுதியில் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஜார்ஜ் அதற்குப் பிறகும் மேடையில் இருந்தது தெரிந்து நவம்பரில் நாடு கடத்தினார்கள். சில நாள் கழித்து, பாம்பி கினோ சுவரில் எதையோ கொளுத்தியதாகப் பாலையும் பீட்டையும் பிடித்து, ரீப்பர்பான் முனையில் இருக்கும் டாவிட்வாஹ காவல் நிலையத்தில் வைத்துவிட்டு ஊருக்கு அனுப்பினார்கள். செங்கல் நிறத்தில் அழகான கட்டடம். இப்போது அதன் முன்னாலும் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டிலும் இதே பாதையில் போனவர்கள் இருக்கிறார்கள், நாம்தான் அதை அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்கள் டேவிட், லோகநாதன் இருவரின் அலிகேட்ஸ் குழுவை மலாய்ப் பாடல்களால் நாடே அறியும். அதற்கு முன் அவர்கள் எழுபதுகளில் ஹாங்காங் கேளிக்கை விடுதிகளில் இரவு இரவாக வாசித்துப் பழகியவர்கள். தமிழ்ப் பையன்கள், அயலூர், தினசரி மேடை.

மேடைக் கூலியைப் பற்றியே பேசுகிறாயே, பாட்டை வெளியிட்டுச் சம்பாதிக்கலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். 39-ஆம் எண்ணில் ஸ்டார் கிளப் இருந்த இடத்தின் முற்றத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1962-இல் பீட்டில்ஸ் அங்கே வாசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இஎம்ஐ நிறுவனத்தோடு அவர்களுக்கு ஒப்பந்தம் அமைந்தது. இருபக்கப் பாட்டு கொண்ட ஓர் இசைத்தட்டு விற்றால் நால்வருக்கும் சேர்த்து ஒரு பென்னி. அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஆளுக்குத் தட்டொன்றுக்குக் கால் பென்னி. அந்தக் கல்லின் முன்னால் நின்று கைப்பேசியில் கணக்குப் போட்டேன். இந்திராவில் ஓர் இரவு கிடைத்த இரண்டரை பவுண்டை இசைத்தட்டு விற்று எடுக்க வேண்டுமென்றால் 2,400 தட்டு விற்றாக வேண்டும், மேலாளருக்கு உரிய பங்கைக் கழிக்காமலே. இன்றைக்குத் தட்டு இல்லை, ஸ்பாட்டிஃபை இருக்கிறது. அதில் ஒரு பாட்டை ஆண்டுக்கு ஆயிரம் முறையாவது கேட்காவிட்டால் 2024 முதல் ஒலிப்பதிவுக்கு ஒரு காசும் கிடையாது. அறுபது ஆண்டில் கருவி மாறியது; தொடங்குபவனின் கணக்கு பெரிதாக மாறவில்லை. பாட்டை வெளியிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் நிலையத்துக்கும் அனுப்புங்கள். ஆனால் அதை விளம்பரப் பலகையாக நினையுங்கள், கல்லாப்பெட்டியாக அல்ல.

அன்று மாலை ரீப்பர்பான் இசைத்திருவிழாக் கூட்டம். செப்டம்பரில் நடக்கும் இந்த விழாவுக்குத் தெரு முழுக்க விடுதிகளில் புதுக்குழுக்கள் வாசிக்கும். சந்து சந்தாக வேன்கள், டிரம்ஸ் பெட்டி சுமக்கும் பிள்ளைகள். ஒரு காப்பிக் கடையில் மேசையைப் பகிர்ந்துகொண்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கிட்டார் வாசிப்பவள், நாலு பேர் குழு. காலையில் ரொட்டிக்கடை வேலை, வாரத்தில் மூன்று நாள் இரவு வாசிப்பு. இலவங்கப்பட்டை போட்ட ஃப்ரான்ஸ்பிரோட்ஷன் என்ற ஊர்ப் பணியாரத்தை எனக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தாள். “உனக்கு நோய் வந்தால்?” என்று கேட்டேன். தமிழ்ப் பெண்ணுக்கு அதைத்தானே முதலில் கேட்க வரும்.

அவள் ‘கலைஞர் சமூகக் காப்பகம்’ என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னாள். ஜெர்மனியில் 1983 முதல் இருக்கிறது. தனித்து வேலை செய்யும் இசைக்கலைஞர், ஓவியர், எழுத்தாளர் எல்லாருக்கும் மருத்துவக் காப்புறுதி, பராமரிப்புக் காப்புறுதி, ஓய்வூதியம் மூன்றும் உண்டு. சந்தாவில் பாதியைக் கலைஞர் கட்ட வேண்டும். மறு பாதியை, கலைஞர்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனங்களிடமிருந்து வசூலிக்கும் தொகையும் அரசாங்கமும் சேர்ந்து கட்டும். ஆண்டுக்கு 3,900 யூரோவாவது கலையில் சம்பாதித்தால்தான் சேர முடியும். ஆனால் தொழிலுக்குப் புதியவர்களுக்கு முதல் மூன்று ஆண்டு அந்த வரம்பு இல்லை. இந்தக் கடைசி வரிதான் என்னை உலுக்கியது. தொடக்க ஆண்டுகளில் சம்பாத்தியம் இருக்காது என்பதை ஒரு நாட்டின் சட்டமே ஒப்புக்கொள்கிறது! நம் வீடுகளில் அதை ஒப்புக்கொள்ள வைப்பது எவ்வளவு கடினம்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. சொக்சோவின் சுயதொழில் திட்டத்தில் கலைஞர்களும் சேரலாம். வேலையின்போது ஏற்படும் விபத்துக்குப் பாதுகாப்பு உண்டு. சேமநிதி வாரியத்தின் ஐ-சாரான் திட்டத்தில் நாமாகப் பணம் போட்டால் அரசாங்கமும் ஒரு வரம்பு வரை தன் பங்கைப் போடுகிறது. சொந்தப் பாட்டு எழுதுகிறவர்கள் எம்ஏசிபி-யில் உறுப்பினராகப் பதிந்துகொள்ளலாம். எனக்குத் தெரிந்த இளம் குழுக்களில் இந்த மூன்றையும் செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். புதுப் பெடலுக்கு ஆயிரம் ரிங்கிட் செலவழிப்பார்கள். படிவம் நிரப்பச் சோம்பல்.

ஊர் திரும்பியதும் தம்பியையும் அவன் அம்மாவையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினேன். வேலையை விடச் சொல்லவில்லை. விடாதே என்றும் சொல்லவில்லை. திருமணம் ஒன்றுக்கு எவ்வளவு கேட்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதை நிறுத்தி, வாராவாரம் ஒரே மேடை கிடைக்குமா என்று தேடு என்றேன். ஒலியமைப்பு அங்கேயே இருக்க வேண்டும். நாளுக்கு இவ்வளவு என்று நிரந்தரத் தொகை வேண்டும். கூட்டம் வந்தால் பங்கு தருகிறேன் என்கிற பேச்சை மட்டும் நம்பாதே. கோஷ்மிடர் மாதிரி கஞ்சனே கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் 30 மார்க்கைக் கொடுத்தார். கூட்டத்தைக் கூட்டுவது கடைக்காரர் தொழில், உட்காரவைப்பது உன் தொழில். வாரத்தில் மூன்று இரவு அப்படி அமைந்தால் அப்புறம் வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம்.

மூன்று இரவு அமையவில்லை. கிள்ளானில் அத்தனை மேடை எங்கே இருக்கிறது? லிட்டில் இந்தியாவில் வாழையிலைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுவிட்டால் ஆள் எதற்கு என்பார்கள். ஆறு கடை ஏறி இறங்கி, ஏழாவது கடையில் வியாழக்கிழமை இரவு மட்டும் படிந்திருக்கிறது. மூன்று மாதப் பரீட்சார்த்தம். குழுவுக்கு 400 ரிங்கிட், கடையின் ஒலிபெருக்கி, இரவுச் சாப்பாடு. தலைக்கு 80 ரிங்கிட்தான். வேன் இல்லை, வாடகை இல்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குச் சரக்கு நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு இப்போதைய தலைவலி. முழுநேரப் பேச்சு அடங்கவில்லை. ஆண்டு முடிவில் மறுபடியும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறான்.

ஒப்பந்தத்தைக் காகிதத்தில் எழுதி வாங்கச் சொல்லியிருந்தேன். வாங்கியிருந்தான். அவன் அம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். எனக்குப் போன் வந்தது.

“எல்லாம் சரிம்மா. சாப்பாடு போடறோம்னு எழுதியிருக்கான். இவன் ஒருத்தனுக்கா, அஞ்சு பேருக்குமா?”